லினக்ஸ் போடலாமா என்று தயங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணினி கொஞ்சம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், "இந்த லினக்ஸ் லினக்ஸ் என்கிறார்களே, நானும் போடலாமா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன். நிரல் எழுதுபவர்களுக்கு இது தேவைப்படாது. மின்னஞ்சல், பிரவுசர், கடிதம், கணக்கு, படம், பாட்டு என்று கணினியைப் புழங்குகிறவர்களுக்காக எழுதியது.

1. லினக்ஸ், உபுண்டு, மின்ட்... இதெல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

லினக்ஸ் என்பது கெர்னல். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நின்று நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் உள்பகுதி. ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கியது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட அடிக்க முடியாது. டெஸ்க்டாப், பிரவுசர், அப்டேட் வசதி எல்லாம் சேர்த்து, நிறுவத் தயாராகக் கட்டித் தருவதை டிஸ்ட்ரோ என்கிறோம். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் எல்லாம் டிஸ்ட்ரோக்கள்.

நீங்கள் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், லினக்ஸ் கெர்னலை ஏற்கெனவே தினமும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

2. இலவசமா தர்றாங்கன்னா உள்ள ஏதோ கொக்கி இருக்கும். நம்ம தகவலை வித்துக் காசு பாக்குறாங்களா?

காசு வருவது சர்வர்களிலிருந்து. ரெட் ஹேட், உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல், சூசே போன்ற நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களுக்கு ஆதரவு ஒப்பந்தம் விற்றுச் சம்பாதிக்கின்றன. ரெட் ஹேட்டை ஐபிஎம் 2019-இல் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அதிலிருந்தே இந்தத் தொழிலின் அளவு தெரியும். கெர்னலுக்கு நிரல் எழுதுபவர்களில் பெரும்பாலோர் இன்டெல், கூகுள் போன்ற இடங்களில் அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள். டெபியன் தன்னார்வலர்களால் நடக்கிறது, மின்ட் பெரும்பாலும் நன்கொடையில்.

சந்தேகப்படுவது தவறில்லை. 2012-இல் வந்த உபுண்டு 12.10-இல், கணினிக்குள் நீங்கள் எதைத் தேடினாலும் அந்தச் சொல் இணையத்துக்குப் போய் அமேசான் பொருட்களும் சேர்ந்து வந்து நின்றன. பெரிய கூச்சல் கிளம்பியது, 16.04-இல் அதை இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டார்கள். இங்கேயும் தப்பு நடக்கும். பிடிக்காதவர்கள் அடுத்த டிஸ்ட்ரோவுக்குப் போய்விட முடியும் என்பதுதான் வித்தியாசம்.

3. அவ்வளவு நல்லதுன்னா ஏன் அக்கம்பக்கத்துல ஒருத்தரும் வெச்சிக்கலை?

பெரும்பாலானவர்கள் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. வாங்கும்போது எது இருந்ததோ அதுதான். ஒரு இயங்குதளத்தை அழித்து இன்னொன்றைப் போடுவது என்பது, சாதாரணப் பயனர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்யாத வேலை. என்னைக் கேட்டால், கீழே வரப்போகும் மற்றத் தடைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

இது தானாக அமைந்ததும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணினித் தயாரிப்பாளர்கள் பலரோடு ஒரு வகை ஒப்பந்தம் வைத்திருந்தது. விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் கட்டணம் கட்ட வேண்டும், உள்ளே அவர்களுடைய இயங்குதளம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வேறொன்றைப் போட்டு விற்றால் தயாரிப்பாளருக்கு இரட்டைச் செலவு. அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, 1994-இல் செய்த உடன்பாட்டின் மூலம் அதை நிறுத்த வைத்தது. பிறகு 2007-இல் ஆசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப் லினக்ஸோடு வந்து நன்றாக விற்றது. அந்த வகைக் கணினிகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியை மலிவாகக் கொடுக்கத் தொடங்கியதும் லினக்ஸ் பதிப்புகள் ஓரங்கட்டப்பட்டன.

எதிர்ப்பக்கமும் ஓர் உதாரணம் உண்டு. 2011 முதல் விற்பனையில் இருக்கும் குரோம்புக்குகளில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். பள்ளிப் பிள்ளைகள் அதில் வீட்டுப்பாடம் செய்கிறார்கள். அதைத் திறந்துவிட்டு "ஐயோ, லினக்ஸா, கஷ்டமாச்சே" என்று யாரும் சொல்வதில்லை.

4. நூத்துக்கணக்குல டிஸ்ட்ரோ இருக்கே, எதைப் போடணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

விண்டோஸ் பழகியவர் என்றால் லினக்ஸ் மின்ட். புத்தம் புதிய கணினி என்றால் உபுண்டு அல்லது ஃபெடோரா, ஏனென்றால் புதிய வன்பொருளுக்கான டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் குட்டி நிரல்கள்) புதிய கெர்னலில்தான் வரும். உபுண்டுவில் எல்டிஎஸ் என்ற நீண்டகாலப் பதிப்பை எடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளிவரும், 5 ஆண்டு பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும்.

அவ்வளவுதான் பதில். இதற்கு மேல் ஆராய்ச்சியில் இறங்கினால் வாரக்கணக்கில் வீடியோ பார்ப்பீர்கள், கணினி அப்படியே இருக்கும். தேர்வு அதிகம் என்பது ஆர்வலர்களுக்குக் கொண்டாட்டம், புதியவருக்கு அது ஒரு தடை. லினக்ஸ் ஆர்வலர்களான நாங்கள் இதை ஒப்புக்கொள்வதே இல்லை.

5. கறுப்புத் திரையில கமாண்ட் அடிக்கணுமாமே? எனக்கு அது வராது.

அன்றாட வேலைக்குத் தேவையில்லை. மென்பொருள் நிறுவ, நீக்க, அப்டேட் செய்ய எல்லாவற்றுக்கும் போனில் இருப்பதுபோல ஒரு ஆப் கடை உண்டு.

ஆனால் ஏதாவது கெட்டுப்போய் இணையத்தில் தேடினால், பதில் டெர்மினல் (நீங்கள் சொன்ன கறுப்புத் திரை) கட்டளையாகத்தான் கிடைக்கும். எழுதுகிறவருக்கு அது சுலபம். "அமைப்புகளைத் திற, மூன்றாவது பட்டனை அழுத்து" என்று ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் தனித்தனியாக எழுத வேண்டாம், ஒரே வரி எல்லாவற்றிலும் வேலை செய்யும். படிக்கிறவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

புரியாத கட்டளையை ஒட்டி என்டர் தட்டாதீர்கள். 2021-இல் பிரபலமான யூடியூபர் ஒருவர், விளையாட்டுகளுக்கான ஸ்டீம் மென்பொருளை நிறுவப் போய் டெஸ்க்டாப் முழுவதையும் நீக்கிக்கொண்டார். அவர் போட்டிருந்த டிஸ்ட்ரோவின் ஸ்டீம் தொகுப்பில் ஒரு பிழை. "முக்கியமான பகுதிகள் நீக்கப்படும், ஆம் நான் சொன்னபடி செய் என்று தட்டச்சு செய்க" என்று கணினி எச்சரித்தது. அவரும் தட்டினார். அதற்குப் பிறகு அந்த நிறுவல் கருவியையே, அவ்வளவு லேசில் சம்மதிக்காதபடி மாற்றினார்கள். எச்சரிக்கையைப் படிக்காமல் சரி கொடுக்கும் பழக்கம் எல்லா இயங்குதளக்காரர்களுக்கும் பொதுவானது. அதனால் அவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

6. என் பழைய லேப்டாப்ல விண்டோஸ் 11 ஏறாதுங்குது. லினக்ஸ் போட்டா புதுசு மாதிரி பறக்குமா?

விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. லினக்ஸ் இரண்டையும் கேட்காது. பத்து ஆண்டுப் பழைய கணினியில்கூடப் பாதுகாப்பு அப்டேட்டுகளோடு ஓடும்.

"பறக்கும்" என்பதைத்தான் நம்பாதீர்கள். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இயங்குதளம் லேசாக இருக்கலாம், ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் எந்த இயங்குதளமானாலும் மூச்சுத் திணறும். சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் முதல் வேலை. லினக்ஸ் அதற்கு அடுத்தது.

7. போட்டதுக்கு அப்புறம் வைஃபை வேலை செய்யலைன்னா? முன்னாடியே தெரிஞ்சுக்க முடியாதா?

முடியும். விண்டோஸில் இல்லாத சௌகரியம் இது. டிஸ்ட்ரோவின் ஐஎஸ்ஓ கோப்பை (மொத்த டிஸ்ட்ரோவும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, ரூஃபஸ் போன்ற கருவியால் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். கணினியைத் திரும்பத் தொடங்கும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் அல்லது எஃப்9 (தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும்) அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், வட்டில் எதையும் தொடாமல் முழு டெஸ்க்டாப்பும் அதிலிருந்தே ஓடும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

டெஸ்க்டாப் வந்ததும் அழகு பார்த்துக்கொண்டிருக்காமல் சோதியுங்கள். வைஃபையில் இணைந்து ஒரு வீடியோ ஓட்டுங்கள், சத்தம் வருகிறதா? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா? பலர் விட்டுவிடும் சோதனை ஒன்று உண்டு: மூடியை மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். திரை கறுப்பாகவே நின்றால், அல்லது வைஃபை மட்டும் செத்துப்போயிருந்தால், அந்த லேப்டாப்போடு தினமும் மல்லுக்கட்ட வேண்டிவரும். கேமரா, புளூடூத் பாருங்கள். கைரேகை உணரி வேலை செய்யாத கணினிகள் நிறைய, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

வைஃபை தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சில்லின் தயாரிப்பாளர். இன்டெல் சில்லுகள் தொந்தரவு தருவது அரிது. பிராட்காமின் சில சில்லுகளுக்கும் ரியல்டெக்கின் சில யூஎஸ்பி அடாப்டர்களுக்கும் தனி டிரைவர் இறக்க வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்! போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைப் பகிர்வதுதான் வழி.

8. பிரிண்டர்?

முன்பு இருந்த அளவு தலைவலி இல்லை. நெட்வொர்க்கில் இணையும் பிரிண்டர், ஐபோனிலிருந்து ஏர்பிரிண்ட் மூலம் அச்சிடக்கூடியது என்றால், லினக்ஸிலும் டிரைவர் இல்லாமலேயே ஓடும் என்று ஏறக்குறைய நம்பலாம். எச்பி பிரிண்டர்களுக்கு அந்த நிறுவனமே லினக்ஸ் மென்பொருள் தருகிறது. யூஎஸ்பியில் மட்டும் இணையும் மலிவான லேசர் பிரிண்டர்கள்தான் சந்தேகம். பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கும்போதே (கேள்வி 7) ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள், ஸ்கேனரையும் சேர்த்து.

9. ஆபீஸ்ல இருந்து வர்ற வேர்ட் ஃபைல் லிப்ரே ஆபீஸ்ல தொறந்தா கோணல்மாணலா வருதே?

பாதிக் கோணலுக்குக் காரணம் எழுத்துரு. ஆவணம் பல நேரங்களில் கலிப்ரியில் அமைக்கப்பட்டிருக்கும். அது மைக்ரோசாஃப்டின் சொத்து, லினக்ஸில் இருக்காது. லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாகப் புழங்கும் இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸ் வேறொரு எழுத்துருவைப் போடும். அதன் எழுத்துகள் இம்மியளவு அகலம் என்றாலும் வரி மடிந்து, வரி மடிந்ததால் பக்கம் தள்ளி, அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். கலிப்ரிக்குப் பதிலாக கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதிலாக கலாடியா என்று அகலம் அச்சாகப் பொருந்தும் இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. ஆப் கடையிலோ தொகுப்பு மேலாளரிலோ (மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் கருவி) தேடி நிறுவுங்கள். அந்தக் கோணல் பெருமளவு நேராகிவிடும்.

மீதிப் பாதி உண்மையான பிரச்சினை. எக்செல் மேக்ரோக்கள் (கோப்புக்குள்ளேயே எழுதிவைத்த தானியங்கி நிரல்கள்) முழுதாக ஓடாது. நான்கு பேர் திருத்தக் குறிகளோடு மாற்றி மாற்றி அனுப்பும் வேர்ட் கோப்பில் சிக்கல் வரும். அப்படிப்பட்ட வேலை தினமும் உண்டென்றால் பிரவுசரில் ஓடும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸைப் பயன்படுத்துங்கள். எப்போதாவது என்றால், நீங்கள் அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் போதும்.

10. போட்டோஷாப், என் அக்கவுண்டிங் சாஃப்ட்வேர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்... இதுக்கெல்லாம் என்ன வழி?

இங்கேதான் நிஜமான சுவர். போட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. லினக்ஸில் ஓடும் இலவசப் பட மென்பொருள்களான கிம்ப், கிருத்தா நல்லவைதான், ஆனால் போட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துகிறவரிடம் "கிம்ப் இருக்கே" என்று சொல்வது அவரை அவமதிப்பது. அவர் கையில் பல ஆண்டுப் பழக்கம், குறுக்குவிசைகள், வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புகள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன.

வைன் என்ற மென்பொருள் 1993 முதல் வளர்ந்துவருகிறது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட வைக்கும். எளிய பழைய நிரல்கள் நன்றாகவே ஓடும். உரிமம் சரிபார்க்கும், யூஎஸ்பி டோக்கனோடு பேசும் நிரல்களில் அதை நம்பிப் பணத்தையும் கெடுதேதியையும் பணயம் வைக்காதீர்கள். இயங்குதளத்துக்குள் இன்னொரு விண்டோஸைப் போட்டு ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் ஒரு வழி, 16 ஜிபி நினைவகமாவது இருந்தால் சௌகரியம்.

மாறுவதற்கு முன்னால் ஒரு தாளில், போன மாதம் கணினியில் திறந்த மென்பொருள்களை எல்லாம் எழுதுங்கள். பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே பிரவுசருக்குள் அடங்கிவிடும். அடங்காமல் நிற்கும் ஒன்றோ இரண்டோதான் உங்கள் தடை. மற்றவரின் தடை உங்களுடையது இல்லை. எந்த டிஸ்ட்ரோ என்று யோசிப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

11. தமிழ்ல டைப் பண்ண முடியுமா?

முடியும், ஆனால் ஒரு குழப்பம் உண்டு. விசைப்பலகை அமைப்புகளில் தமிழ்99 என்று இருப்பதை நேராகச் சேர்த்துக்கொள்கிறார்கள்; பிறகு "அம்மா" அடித்தால் புள்ளி தானாக விழவில்லை என்கிறார்கள். அந்தச் சாதாரண விசைப்பலகை விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறியும், தமிழ்99-இன் தானியங்கிப் புள்ளி விதிகளை அறியாது. ஐபஸ் அல்லது எஃப்சிட்எக்ஸ் என்ற உள்ளீட்டு அமைப்போடு எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதிலிருக்கும் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். அ, ம, ம, ஆ என்று தட்டினால் அம்மா வந்துவிடும். ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கான விசைப்பலகையும் அதே தொகுப்பில் இருக்கிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால் லினக்ஸிலும் படிக்கலாம். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவைப்பது நல்லது, எந்த இயங்குதளத்தில் இருந்தாலும்.

12. ரெண்டையும் வெச்சிக்கிறேன். டூயல் பூட் ஆபத்தா?

ஆபத்து என்பதைவிட, கவனம் கேட்கும் வேலை. முதலில் முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் பேக்கப் எடுங்கள். நிறுவும்போது "வட்டு முழுவதையும் அழி" என்ற தேர்வைத் தெரியாமல் அழுத்தினால் திரும்ப வழியில்லை. அடுத்து, பல புதிய விண்டோஸ் கணினிகளில் வட்டு, பிட்லாக்கர் தொழில்நுட்பத்தால் உரிமையாளருக்கே தெரியாமல் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்புத் தேர்வை மாற்றினால் விண்டோஸ் திடீரென்று 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு, மின்ட், ஃபெடோரா மூன்றுமே செக்யூர் பூட் இருக்கும்போதே நிறுவக்கூடியவை, அணைக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைத் தள்ளுங்கள்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியில் எழுத முடியாது. இன்னொன்று எல்லோரையும் பதறவைக்கும்: லினக்ஸுக்குப் போய்விட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சில மணி நேரம் தள்ளி நிற்கும். எதுவும் கெடவில்லை. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது, உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நினைக்கிறது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்கு மாற்ற லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை போதும்.

13. கேம் விளையாடலாமா?

தனியாக விளையாடும் பெரும்பாலானவற்றை விளையாடலாம். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானை 2018-இல் வெளியிட்ட பிறகு நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. 2022-இல் வந்த அவர்களுடைய ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியே லினக்ஸில்தான் ஓடுகிறது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைக் கணினியின் அடிவரை இறக்கும் வாலரன்ட் போன்ற இணையப் போட்டி விளையாட்டுகள் ஓடாது. அவைதான் வேண்டும் என்றால் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள்.

14. சோர்ஸ் கோடு எல்லாருக்கும் தெரியும்னா திருடனுக்கும் தெரியுமே. அதுல என்ன பாதுகாப்பு?

நல்ல கேள்வி. லினக்ஸின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்பது உண்மை, பதிலுக்கு ஓர் உண்மைக் கதையே இருக்கிறது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பராமரித்தவர் ஒரே ஒருவர். நல்லவர்போல வந்து ஆண்டுக்கணக்கில் உதவி, நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர், 2024-இல் அதற்குள் ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டார். மார்ச் மாதம் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்ததில் குட்டு உடைந்தது. அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில்.

இதில் நல்லது, கெட்டது இரண்டும் இருக்கிறது. திறந்திருப்பதால் மட்டும் யாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவரால் தோண்ட முடிந்தது. கள்ளக்கதவு சோதனைப் பதிப்புகளை எட்டியதே தவிர, உபுண்டு எல்டிஎஸ், டெபியனின் நிலையான பதிப்பு போன்றவற்றுக்கு வரவில்லை. கேள்வி 4-இல் நீண்டகாலப் பதிப்பைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் அளவில் பெரிய ஆபத்து இதைவிடச் சாதாரணமானது: போலி வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தால் லினக்ஸ் காப்பாற்றாது.

15. மியூனிக் நகராட்சியே மாறிட்டு திரும்பிடுச்சாமே? அவங்களாலயே முடியலைன்னா?

உண்மைதான். ஜெர்மனியின் மியூனிக் 2003-இல் முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் விண்டோஸுக்குத் திரும்ப நகர மன்றம் வாக்களித்தது. விண்டோஸில் மட்டும் ஓடும் சிறப்பு மென்பொருள்கள், சிதறிக் கிடந்த தகவல் தொழில்நுட்பப் பிரிவுகள், அரசியல் எல்லாம் கலந்த கதை அது.

அதே காலத்தில் பிரான்ஸின் ஜான்டார்மரி காவல் படையும் மாறியது, இன்றும் லினக்ஸில்தான் இருக்கிறது. அவர்கள் போன வரிசையைக் கவனியுங்கள். 2005-இல் விண்டோஸிலேயே ஓப்பன் ஆபீஸ் போட்டார்கள். அடுத்து ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், தண்டர்பேர்ட் மின்னஞ்சல். எல்லோருக்கும் கை பழகிய பின், 2008-இல்தான் இயங்குதளத்தை உபுண்டுவாக மாற்றத் தொடங்கினார்கள். தனி ஆளுக்கும் இதையே சொல்கிறேன்: விண்டோஸில் இருந்தபடியே லிப்ரே ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் படம், பாட்டு ஓட்டும் விஎல்சியும் இரண்டு மாதம் பழகுங்கள். தாக்குப்பிடிக்க முடியாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும், எதையும் அழிக்காமல்.

16. வயசான அப்பா அம்மாவுக்குப் போட்டுக் குடுக்கலாமா?

பிரவுசரும் வீடியோ அழைப்பும் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்குத் தாராளமாக. விசித்திரமாக, இவர்களுக்குத்தான் மாற்றம் மிகச் சுலபம். நடுவிலிருக்கும் "ஓரளவு தெரிந்தவர்களுக்கு"த்தான் கஷ்டம், விட வேண்டிய பழக்கங்கள் அவர்களிடம் அதிகம். ஒரே நிபந்தனை, கெட்டால் நீங்கள்தான் போக வேண்டும். விண்டோஸ் கெட்டால் பக்கத்தில் யாருக்காவது தெரியும், லினக்ஸ் கெட்டால் யாருக்கும் தெரியாது. அவர்களைக் கேட்காமல், நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் மாற்றிவைக்காதீர்கள்.

17. முன்னாடி ஒரு தடவை போட்டுட்டு ஒரே மாசத்துல விண்டோஸுக்கே வந்துட்டேன். எனக்குத்தான் அறிவு பத்தலையா?

அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்படிச் சொல்பவர்களிடம் விசாரித்தால் காரணம் எப்போதும் ஒரு பொருளாகத்தான் இருக்கும்: ஒரு வைஃபை சில்லு, ஒரு பிரிண்டர், ஒரு மென்பொருள். உங்கள் காரணம் எது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வன்பொருள் என்றால் அது இன்று சரியாகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உதாரணமாக, வைஃபைக்குத் தேவையான ஃபர்ம்வேரை (சில்லுக்குள் ஓடும் குட்டி மென்பொருள்) நிறுவியிலேயே சேர்க்க மறுத்துவந்த டெபியன், 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து சேர்த்தே தருகிறது. புதிய பதிப்பைப் பென்டிரைவில் போட்டு ஒரு மாலை சோதித்தால் தெரிந்துவிடும்.

காரணம் போட்டோஷாப்போ அதுபோன்ற ஒரு மென்பொருளோ என்றால் அந்தச் சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது. விண்டோஸிலேயே இருங்கள். பழைய லேப்டாப் ஏதாவது சும்மா கிடந்தால் அதில் மின்ட் போட்டு வைத்துக்கொள்ளலாம்.